கன்று வீச்சு நோயின் காரணம் கண்ட பெர்ன்ஹார்ட் பாங்

டென்மார்க்கு என்னும் சிறு தேசத்தைத் தமிழ்நாட்டார் பெரும்பாலும் தரங்கம்பாடியின் வாயிலாகவே அறிவர். 1620ஆம் ஆண்டு முதல் அக்கடற்கரையில் கோட்டை கட்டி வாணிகம் புரிந்த டேனியர், 1845ஆம் ஆண்டில் அதனை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியாருக்கு விற்றுவிட்டுத் தம் நாடு திரும்பினர். அதற்கு மூன்றாண்டுகள் கழித்து, 1848 ஜூன் 7ஆம் நாள், அத்தேசத்துச் சோரோ என்னும் ஊரில் பிறந்தவர் பெர்ன்ஹார்ட் லௌரிட்ஸ் பிரெடரிக் பாங். பாஸ்தரையும் ராபர்ட் கோக்கையும் அறியாத மாணவர் நம்முள் இலர். அவ்விருவரும் திறந்துவிட்ட வழியிலே நடந்து, வாயில்லாச் சீவன்களின் பெருந்துயர் ஒன்றிற்குக் காரணம் கண்டறிந்த இவரை அறிந்தவரோ மிகச் சிலர். பால் கறக்கும் பசுவை நம்பிப் பிழைப்போர் எந்நாட்டிலிருப்பினும் இவருக்குக் கடமைப்பட்டவர்கள். ஆதலின் இவருடைய வரலாற்றை நம் கல்லூரிச் சஞ்சிகையைப் படிப்போர்க்கு உரைக்கப் புகுந்தோம்.

சோரோ, ஏரிக்கரையில் அமைந்த அமைதியான ஊர். தொன்மையான கல்விக்கழகமொன்றால் பெயர் பெற்றது. அங்கே வளர்ந்த பாங், கோப்பன்ஹேகன் சர்வகலாசாலையில் மனித வைத்தியம் பயின்று, 1872ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். பட்டம் பெற்ற வைத்தியர் நகரத்தில் வீடொன்று அமர்த்திக்கொண்டு பொருளீட்டுவது அக்காலத்தும் வழக்கமே. இவரோ, ஆடுமாடுகளின் பிணி நீக்கும் வைத்தியத்தின்பால் நாட்டம் செலுத்தினார். மனித வைத்தியர் மிருக வைத்தியரைத் தமக்குத் தாழ்ந்தவராகவே கருதி வந்த நூற்றாண்டு அது. இரண்டு வைத்தியத்தையும் ஒருவரே கற்றிருந்த இச்செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்திருத்தல் வேண்டும். பின்னர் நாம் கூறப்போகும் விந்தையொன்றிற்கு அது வேண்டியதாகும்.

1880ஆம் ஆண்டில் பாங், கோப்பன்ஹேகனிலிருந்த அரசாங்க மிருக வைத்திய விவசாயக் கலாசாலையில் ஆசிரியரானார். 1773ஆம் ஆண்டில் ஒரு சிறு பள்ளியாகத் தோன்றிய அந்நிலையம் 2007ஆம் ஆண்டில் கோப்பன்ஹேகன் சர்வகலாசாலையோடு இணைக்கப்பட்டுவிட்டது. பாங் அங்கே ஆசிரியராய்ப் புகுந்து, பிற்காலத்தில் அதன் தலைவராகவும், அரசாங்கத்தாருக்குக் கால்நடை விஷயங்களில் ஆலோசனை கூறுபவராகவும் உயர்ந்தார். அம்மைப்பால் வைக்கும் முறையைச் செம்மைப்படுத்துவதிலும் அவர் உழைத்ததுண்டு.

அவர் ஆசிரியரான காலத்தில் டென்மார்க்கின் நிலைமை என்ன என்பதைச் சிறிது உணர்ந்தாலன்றி அவர் பணியின் அருமை விளங்காது. 1864ஆம் ஆண்டுப் போரில் அத்தேசம் தன் தென்பாகத்து மாகாணங்களை இழந்தது. பின்னர் அமெரிக்காவிலிருந்து கோதுமை மலிவாக வந்து குவியத் தொடங்கவே, தானியம் விற்றுப் பிழைத்த டேனியக் குடியானவனின் வருவாய் வீழ்ந்தது. அவன் கலங்கி நில்லாமல் ஏரைவிட்டு மாட்டைப் பற்றினான். தானியத்தை விற்பதை விடுத்துப் பசுவுக்கு ஊட்டி, வெண்ணெய் எடுத்து இங்கிலாந்துக்கு அனுப்பலானான். 1882ஆம் ஆண்டில் ஹெட்டிங் என்னும் சிற்றூரில் குடியானவர்கள் ஒன்றுகூடி முதற் கூட்டுறவுப் பால் நிலையத்தை நிறுவினர். சில ஆண்டுகளுக்குள் அத்தகைய நிலையங்கள் நாடெங்கும் பரவின. ஐந்தாறு பசுக்களே உடைய ஏழையும் தன் பாலை அங்குச் சேர்த்து, இயந்திரம் ஆடையைப் பிரித்தெடுத்த பின் எஞ்சிய பாலைத் திரும்பப் பெற்று வந்து, தன் கன்றுகளுக்கும் பன்றிகளுக்கும் வார்ப்பான். ஒரு தேசத்தின் செல்வமெல்லாம் பசுவின் மடியிலே வந்து தங்கிய காலம் அது.

ஆனால் பல வீட்டுப் பால் ஒரே கலத்திற் கலந்து பல வீட்டுக் கன்றுகளுக்கும் திரும்பிச் சென்றமையால், ஒரு வீட்டுப் பசுவின் நோய் ஊர்முழுதும் பங்கிடப்பட்டது. முதலில் அச்சமூட்டியது க்ஷயரோகம். 1890ஆம் ஆண்டில் ராபர்ட் கோக் டியூபர்குலின் என்னும் பொருளை க்ஷயத்திற்கு மருந்தென வெளியிட்டார். மருந்தாக அது பயன்படவில்லை. எனினும், க்ஷயம் உள்ள மாட்டின் உடலில் அதனைச் செலுத்தினால் சுரம் காணும். க்ஷயமற்ற மாட்டிற்கு ஒன்றும் நேராது. நோயைத் தீர்க்கமாட்டாத அப்பொருள் நோயைக் காட்டிக்கொடுக்கவல்லது என்பதைப் பற்றிக்கொண்டவருள் பாங் ஒருவர். 1892ஆம் ஆண்டு முதல் தூரபிலில்லெ என்னும் பண்ணையில் அவர் ஒரு முறையை நடத்திக் காட்டினார். நோயுள்ள பசுக்களையெல்லாம் வெட்டி எறிந்துவிடுக என்று கூறுவது எளிது. ஆனால் பாதி மந்தையை வெட்டினால் குடியானவன் உண்பது எதனை? ஆகவே பாங், டியூபர்குலினுக்குச் சுரம் காட்டிய பசுக்களைத் தனித்தொழுவில் பிரித்து வைத்தார். மடியில் க்ஷயம் கண்டவற்றை மட்டுமே கொன்றார். நோயுற்ற பசு ஈன்ற கன்றையும் பிறந்தவுடன் தாயினின்று பிரித்து, நன்றாகக் காய்ச்சிய பாலையே ஊட்டி வளர்த்தார். ஆண்டுதோறும் மீண்டும் சோதித்தார். நோயுற்ற தாய்களிடமிருந்தே நோயற்ற மந்தையொன்று மெல்ல மெல்ல எழுந்தது. பாங்கின் முறை என்று பல தேசத்தாரும் அதனை வழங்கலாயினர். பால் நிலையங்களிலிருந்து திரும்பும் பாலை 85 பாகைச் சூட்டில் காய்ச்சியே கொடுத்தல் வேண்டுமென்று 1898ஆம் ஆண்டில் சட்டமும் பிறந்தது. குடியானவனின் கைப்பொருளை அறிந்து வைத்தியம் சொல்லிய இத்தன்மையே பாங்கினிடத்து நாம் பெரிதும் போற்றுவது.

இனி, அவர் பெயர் நிலைபெற்றதற்குக் காரணமாகிய நோய்க்கு வருவோம்.

சினைப்பசு ஐந்து முதல் எட்டு மாதத்திற்குள் கன்றை வீசிவிடுவதுண்டு. கன்று போவதோடு இழப்பு முடிவதில்லை. இளங்கொடி விழாமல் தங்கிக் கருப்பை புண்படும், பால் குன்றும், மறுபடியும் சினை பிடிப்பது தாமதமாகும், சில பசுக்கள் மலடாகியே போம். தொழுவில் ஒரு பசு வீசினால் அடுத்த பசுவும் வீசும். சில மாதங்களில் மந்தை முழுவதும் அந்நிலையை அடையும். இஃது ஒட்டுநோயெனப் பல குடியானவர் நெடுங்காலமாகவே ஐயுற்று, வீசிய பசுவை மற்றவற்றினின்று விலக்கி வைத்தனர். கற்றவர்களோ காரணங்கள் பல கூறினர். பூஞ்சணம் பிடித்த தீவனம் என்றார் ஒருவர். பனிக்காலத்துக் குளிர்ந்த நீர் என்றார் மற்றொருவர். அச்சம் என்றும், ஒரு பசுவின் வேதனையைக் கண்டு மற்றொன்று தானும் அவ்வாறாகிறது என்றும் கூறினாரும் உளர். இவற்றை எள்ளி நகைத்தல் தகாது. அடிபட்டும், நஞ்சுண்டும், வேறு நோயுற்றும் பசுக்கள் கன்று வீசுவது இன்றும் காணக்கூடியதே. பலவாய காரணங்களுக்கிடையே, மந்தையை அழிக்கும் அந்த ஒரு காரணத்தைப் பிரித்தெடுப்பதே அரிதாயிருந்தது.

பாங்குக்கு முன்னரே வழியில் சிறிது தூரம் சென்றவர் சிலர். 1876ஆம் ஆண்டு முதல் ஜெர்மானிய வைத்தியர் பிராங்க் முதலானோர், கன்று வீசிய பசுவின் கசிவை எடுத்து நல்ல சினைப்பசுவின் யோனியில் இட்டு, அதுவும் கன்று வீசுவதைக் கண்டனர். ஆகவே ஒட்டுவது ஏதோ ஒன்று உண்டென்பது தெளிவாயிற்று. பிரெஞ்சு அறிஞர் நொக்கார் 1886ஆம் ஆண்டில் கிருமிகள் சிலவற்றைக் கண்டும், இதுவே காரணம் என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட இயலாது நின்றார். தடை யாதெனின், கன்று விழுந்த பின்னர்த் தரையில் கிடக்கும் இளங்கொடியில் தொழுவின் அழுக்கிலுள்ள கிருமிகளெல்லாம் ஏறிவிடும். அக்கூட்டத்தில் குற்றவாளியைப் பிடிப்பது, சந்தையில் கூட்டம் கூடிய பின் திருடனைத் தேடுவது போன்றதே.

பாங்கும் அவருடைய உதவியாளர் ஸ்ட்ரிபோல்ட்டும் எடுத்த வழி, சொல்லக் கேட்டால் மிகவும் எளிது. கன்று விழும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. வீசப்போகும் அறிகுறிகள் தோன்றிய சினைப்பசுவொன்றை விலைக்கு வாங்கி, கன்று உள்ளே இருக்கும்போதே அதனைக் கொன்று, கருப்பையைத் தூய்மையோடு திறந்து நோக்கினர். கருப்பையின் உட்சுவருக்கும் கருவைச் சூழ்ந்த சவ்வுக்கும் இடையே, நாற்றமற்றதும் கூழ்போன்றதுமான மஞ்சள் நிறக் கசிவொன்று தேங்கியிருந்தது. அழுகல் நாற்றம் இன்மையே ஒரு நற்குறி. வெளிக்கிருமி எதுவும் அங்குப் புகவில்லை என்பதை அது காட்டிற்று. அக்கசிவிற் சிறிது எடுத்துச் சாயமேற்றிப் பூதக்கண்ணாடியில் நோக்கவே, மிகச் சிறிய கிருமிகள், வேறொன்றும் கலவாமல், ஒரே சாதியாகக் காணப்பட்டன. அவற்றுட் பல உடலின் கண்ணறைகளுக்குள்ளேயே குவியலாய்ச் செறிந்திருந்தன.

காண்பது ஒன்று, வளர்ப்பது மற்றொன்று. அக்கிருமியை இரத்த நீரும் அகரும் கலந்த பாகில் கலந்து சோதனைக்குழாயில் ஊற்றி வைத்தனர். காற்றுப் படும் மேற்பரப்பில் அது வளரவில்லை. காற்றே புகாத அடியிலும் வளரவில்லை. மேற்பரப்பிற்குச் சிறிது கீழே, ஒரு குறித்த ஆழத்தில் மட்டும், புள்ளிபுள்ளியாய் ஒரு பட்டைபோலத் தோன்றிற்று. பொறுமையற்ற கண் மேலே பார்த்து ஒன்றுமில்லையென்று குழாயைக் கழுவியிருக்கும். பாங்கோ, இக்கிருமிக்குப் பிராணவாயு ஒரு குறித்த அளவிலேயே வேண்டும்போலும் என்று கருதி, அதற்கேற்ப வளர்க்க முயன்றார். அவ்வாழத்தில் கிருமிக்கு உதவியது சற்று மிகுதியான கரியமிலவாயு என்பது பின்னாளில் தெளிவாயிற்று. உடலினின்று புதிதாய் எடுக்கும் இவ்வகைக் கிருமியைப் பரிசோதனைச் சாலைகளில் இன்றும் அவ்வாயுவைச் சேர்த்தே வளர்ப்பர்.

இறுதியில் நின்ற சோதனை, கொடியதெனினும் தவிர்க்கவொண்ணாதது. அவ்வாறு தனித்து வளர்த்த கிருமியை நல்ல சினைப்பசுக்களின் யோனியிற் செலுத்தினர். சில வாரங்கள் கழிய, அவை கன்றை வீசின. கருப்பையில் முன்கண்ட கசிவும், அக்கசிவில் முன்கண்ட கிருமியும் இருந்தன. 1897ஆம் ஆண்டில் இச்செய்தி அச்சேறி உலகுக்குத் தெரிந்தது. கன்று வீச்சு நோயைப் பாங்கின் நோய் என்றும், அக்கிருமியைப் பாங்கின் கிருமி என்றும் பலரும் வழங்கலாயினர்.

யோனியிலிட்டு நோயை உண்டாக்கியமையால், காளையே நோயைப் பரப்புவதெனப் பலர் எண்ணினர். வீசிய கன்றையும் கொடியையும் மற்றப் பசுக்கள் நக்குவதாலும், அக்கசிவு பட்ட புல்லையும் நீரையும் உட்கொள்வதாலும் வாய்வழியாகவே இந்நோய் மிகுதியும் பரவுகின்றது என்பதை, 1909ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் மக்பேடியனும் ஸ்டாக்மனும் நடத்திய சோதனைகள் வலியுறுத்தின. நோயுற்ற பசு பெரும்பாலும் ஒருமுறையே வீசும். அடுத்த ஈற்றில் உயிர்க்கன்றை ஈனும். உரிமையாளன் நோய் நீங்கிற்று என்று மகிழ்வான். கிருமியோ மடியிலும் நிணக்கட்டிகளிலும் குடியிருந்து, ஈற்றுதோறும் வெளிவந்து மந்தையிற் பரவிக்கொண்டிருக்கும். பார்வைக்கு நலமுற்ற பசுவே பகையை வளர்க்கும் பசுவாயிருத்தல் இந்நோயின் வஞ்சம். அத்தகைய பசுவை இரத்தச் சோதனையால் கண்டறியும் முறை, பாங்கின் கலாசாலையிலேயே 1909ஆம் ஆண்டில் ஹோல்த் என்பவரால் ஆராயப்பட்டது.

உடலெங்கும் சுற்றும் கிருமி கருப்பையையே நாடுவது ஏன் என்னும் வினாவிற்கு விடை பாங்கின் வாழ்நாளிற் கிடைக்கவில்லை. 1962ஆம் ஆண்டில் ஆங்கில அறிஞர் சிலர், பசுவின் கருவைச் சூழ்ந்த உறுப்புக்களில் எரித்திரிட்டால் என்னும் இனிப்புப் பொருள் மிகுந்திருப்பதையும், அதனை உண்டு இக்கிருமி பெருகுவதையும் கண்டனர். பசு, ஆடு, பன்றி ஆகியவற்றின் கருவுறுப்புக்களில் உள்ள இப்பொருள் மனிதரிடத்து அவ்வாறு இல்லை. கன்றை வளர்க்கும் தாயின் உறுப்பிலேயே அதனைக் கொல்லும் கிருமிக்கும் உணவு அமைந்திருப்பது நெஞ்சை உறுத்தும் செய்தியன்றோ!

முன்னர் நாம் குறிப்பிட்ட விந்தைக்கு இனி வருவோம். பாங்கின் கிருமி வெளிப்படுவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னரே, மத்தியதரைக் கடலிலுள்ள மால்ட்டா தீவில், டேவிட் புரூஸ் என்னும் ஆங்கிலப் படை வைத்தியர், நெடுநாள் விட்டு விட்டு வரும் சுரத்தால் இறந்த போர்வீரர்களின் மண்ணீரலிலிருந்து ஒரு கிருமியை வளர்த்து, 1887ஆம் ஆண்டில் அறிவித்திருந்தார். 1905ஆம் ஆண்டில் மால்ட்டாவிற் பிறந்த வைத்தியரான ஜாம்மிட், அக்கிருமி அத்தீவின் ஆடுகளில் உறைவதைக் கண்டார். மறு ஆண்டிலே படையினர்க்கு ஆட்டுப்பாலை நிறுத்தவே, அவர்களிடையே சுரம் வெகுவாய்க் குறைந்துவிட்டது. புரூஸ் கண்ட கிருமியும் பாங் கண்ட கிருமியும் உடன்பிறந்தவை போன்றவை. எனினும் இருபதாண்டுகளுக்கு மேலாக எவரும் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கவில்லை. ஒன்று மனித வைத்திய நூலில் இருந்தது. மற்றொன்று மிருக வைத்திய நூலில் இருந்தது. புரூஸ் தம் கிருமியை உருண்டை வடிவினது என்று வகுத்தார். பாங் தமதைக் கோல் வடிவினது என்று வகுத்தார். உண்மையில் அவை இரண்டுமே உருண்டையோ கோலோ என்று ஐயுறத்தக்க குறுங்கோல்கள். வேறு பெயர், வேறு பகுதி, வேறு நூல், அவ்வளவே தடை. இரு வைத்தியமும் கற்ற பாங்குக்கும் அத்தொடர்பு தோன்றாமற் போனது, அவரைக் குறைகூறற்கன்று, பிரிவினை அறிவாளரையும் எவ்வளவு மறைக்கின்றது என்று நாம் வியத்தற்கே உரியது.

அத்தடையை நீக்கியவர் வைத்தியப் பட்டம் எதுவும் பெறாத அமெரிக்கப் பெண்மணி, ஆலிஸ் எவன்ஸ். ஐக்கிய நாடுகளின் விவசாய இலாகாவில் பாலிலுள்ள கிருமிகளை ஆராய்ந்து வந்த அவ்வம்மையார், இரு கிருமிகளையும் ஒப்பிட்டு, அவை மிக நெருங்கிய உறவினவென்று 1918ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவ்வாறாயின் பசும்பாலைப் பச்சையாய்ப் பருகுவோர்க்கும் தீங்கு நேரக்கூடுமென்ற அவர் எச்சரிக்கையை அறிஞர் பலர் ஏற்கவில்லை. இத்தனை பேர் கண்ணில் படாததைப் பட்டமற்ற ஒரு பெண் கண்டாளோ என்னும் செருக்கும் அதிற் கலந்திருந்தது என்றே நாம் எண்ணுகிறோம். 1920ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் மேயர், ஷா என்னும் இருவர் அம்மையாரின் முடிபை மெய்ப்பித்து, அக்கிருமிக் குலத்திற்குப் புரூஸின் பெயரால் புரூசெல்லா என்று பெயரிட்டனர். பாங்கின் கிருமி அக்குலத்தில் அபார்ட்டஸ் என்னும் இனமாயிற்று. எவன்ஸ் அம்மையார் தாமே 1922ஆம் ஆண்டில் அந்நோய்க்கு ஆளாகி, ஏறக்குறைய இருபதாண்டு அதனால் இடையிடையே வருந்தினார்.

அந்த 1920களின் பிற்பகுதியில் டென்மார்க்கிலும் உண்மை வெளிப்பட்டது. குடற்சுரமென்று ஐயுற்று அனுப்பப்பட்ட இரத்தத்தைக் கோப்பன்ஹேகனில் பாங்கின் கிருமிக்கும் சோதித்துப் பார்க்க, நூற்றுக்கணக்கான நோயாளிகள் உண்மையில் பசுவினின்று வந்த சுரத்தாலேயே வருந்தினர் என்பது தெரியவந்தது. விழாத இளங்கொடியைக் கையால் எடுத்துவந்த மிருக வைத்தியர்களும், தொழுவிற் பணி செய்வோரும், காய்ச்சாத பால் பருகியோரும் அவர்களுள் இருந்தனர். பாங் அப்பொழுது எண்பது வயதை எட்டிய முதியவர். மாட்டு நோயென்று தாம் கண்டது மக்களையும் பற்றுவதாயிற்று. வைத்தியர்கள் அச்சுரத்திற்கும் அவர் பெயரையே இட்டனர். இத்தகைய பெருமையை விரும்பியேற்பவர் எவரும் இரார். 1932 ஜூன் 22ஆம் நாள் கோப்பன்ஹேகனில் அவர் காலமானார்.

அவர் விட்டுச்சென்ற வேலையைப் பிறர் தொடர்ந்தனர். அமெரிக்காவில் பக் என்பவர், பசுவின் பாலிலிருந்து 1923ஆம் ஆண்டில் எடுத்த கிருமிப் பயிரொன்று, பரிசோதனைச் சாலையில் நெடுநாள் கிடந்து தன் கொடுமையை இழந்துவிட்டதை அறிந்தார். பத்தொன்பதாம் எண்ணுள்ள அப்பயிரே கிடேரிக் கன்றுகளுக்கு இடும் தடுப்பூசியாயிற்று. டென்மார்க்கில் இரத்தத்தையும் பாலையும் சோதித்து நோயுற்ற பசுக்களைப் படிப்படியாக நீக்கிவர, 1962ஆம் ஆண்டிற்குப் பின் அங்கு மாடுகளில் இந்நோய் காணப்படவில்லை. நம் இந்தியாவில் அஃது இன்னும் ஒழிந்தபாடில்லை. 2019ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கத்தார் தொடங்கிய திட்டத்தின்படி, நான்கு மாதம் முதல் எட்டு மாதம் வரையுள்ள கிடேரிக் கன்றுகளுக்கு ஊசி போடப்படுகிறது.

குலப்பெயர் புரூஸுக்கே போயிற்று. ஆயினும் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் மாடு வளர்ப்போர், தடுப்பூசி பெற்ற கிடேரியின் காதில் சிறு தகடு பொருத்தி, அதனைப் பாங் ஊசி போட்ட கிடேரி என்றே கூறி விற்கின்றனர். வாங்குவோரும் முதலில் காதைத் தூக்கி அத்தகட்டையே பார்க்கின்றனர்.